கண் கூசாத விளக்கு

மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் போகும் சந்தில், சிலாஸ் அங்கிளின் வீடு இரண்டு அப்பார்ட்மெண்டுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. நான் குடிவந்தபோது கிழக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். மேற்குப் பக்கத்தில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அடுத்த கோடைக்குள் அதுவும் ஐந்து மாடியாகிவிட்டது. அதன்பிறகு கீழ்வீட்டுக்கு வெயில் என்றால் உச்சி வேளையில் பின்பக்கத் துணிக்கொடி மேல் சற்று நேரம் விழுவது மட்டும்தான். அங்கிளின் மனைவி சாரா ஆண்டி அதற்குள் மிளகாயையும் தலையணைகளையும் மாற்றி மாற்றிக் காயவைத்து எடுத்துவிடுவார்.

எனக்கு மொட்டைமாடி அறை. பகலில் நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. மாலையில் தார்நாக்காவில் மார்க்கெட்டிங் டிப்ளமோ வகுப்பு. வகுப்பு முடிந்து வந்ததும் அன்றன்று நடந்ததை எழுதிவைப்பேன். இதையும் வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். அடுத்தவர் வீட்டுக் காரியம். நான் புரிந்துகொண்டது சரிதானா என்பதில் எனக்கே உறுதியில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், எமி. பேகம்பேட்டையில் ஒரு கம்பெனியில் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் இவளுக்கு ராத்திரி. விடியும்போது கம்பெனி வண்டி சந்து முனையில் இறக்கிவிடும். எமி தூங்கி எழும்போது சூரியன் மேற்குக் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும். முதலில் சர்ச் பாடகர் குழுவை விட்டாள். பிறகு சிநேகிதிகளை விட்டாள். அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். "எமி, சாப்பிடுடி," என்று ஆண்டி சொன்னால், யாரையோ சொல்வதுபோல் நிமிர்ந்து பார்ப்பாள்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே, எழுந்ததும் நல்ல வெளிச்சத்தில், பகல் மாதிரி வெளிச்சத்தில், கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பகலுக்கு எங்கே போவது? வெளிநாட்டில் அதற்கென்றே விளக்கு இருக்கிறது, இங்கே வருவதில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

"நா செய்றேன்," என்றார் அங்கிள்.

அவர் நாச்சாரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் இருந்தவர். கம்பெனியை மூடி, நிலத்தை வீடு கட்ட விற்றபோது வெளியே வந்தார். முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு மேசை போட்டார். சின்னச் சின்ன எல்.இ.டி.களைப் பலகையில் நெருக்கமாக ஈயத்தால் பற்றவைத்தார். வெளிச்சம் வந்தது. கூடவே சூடும் வந்தது. ஏப்ரல் மாதக் கொட்டகையில் தகரமும் கொதிக்க, விளக்கும் கொதிக்க, முதல் விளக்கு ஒரு வாரத்தில் கருகிப்போனது. சூட்டை வெளியேற்றச் சின்ன விசிறி வைத்தார். "டாடி, ஹெட்போன்ல ராத்திரி பூரா இதே சத்தம்தான் கேக்குறேன். வேணாம், நக்கோ," என்றாள் எமி. விசிறியைக் கழற்றினார். ஜன்னல் செய்கிறவர்களிடம் மிச்சப்பட்ட அலுமினியச் சட்டங்களை வாங்கிவந்து, அறுத்து, சீப்புப் பற்கள் மாதிரி அடுக்கி முதுகில் பொருத்தினார். நடுவில் வெள்ளைப் பசை ஒன்று தடவ வேண்டும். அந்தப் பசை சப்பாத்திப் பலகை வரை வந்துவிட்டது என்று ஆண்டி ஒருநாள் முழுவதும் சண்டை போட்டார்.

கடைசியில் ஹாலில் சாப்பாட்டு மேசைக்கு மேலே அதைத் தொங்கவிட்டுச் சுவிட்சைப் போட்டபோது நான் அங்கே இருந்தேன். மத்தியான வெயிலில் மொட்டைமாடிக் கதவைத் திறந்தால் ஒரு கணம் கண்ணைச் சுருக்குவோமே, அப்படி இருந்தது. எமி கையைக் கண்ணுக்கு மறைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். மேசை விரிப்பில் இருந்த பூக்களைத் தடவிப் பார்த்தாள்.

"மம்மி, இது பச்சையா? இத்தன நாள் ப்ளூன்னு நெனச்சிட்டிருந்தேன்."

தினமும் எழுந்ததும் அந்த விளக்கின் கீழேதான் டீ குடிப்பாள். ஒரு மாதத்தில் தட்டு காலியாக ஆரம்பித்தது. இரண்டாம் மாதம் அம்மாவிடம் சண்டை போட்டாள். ஆண்டி மாடிக்கு ஓடிவந்து, "சண்ட போட்டா சௌம்யா! உப்பு ஜாஸ்தின்னு கத்துனா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் கேட்டுவிட்டு, மாத்திரையும் வேலை செய்திருக்கும் என்றார். அங்கிள் அந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

ஊரெல்லாம் ராத்திரி வேலைக்குப் போகிற பிள்ளைகள். எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் ஐந்து மாடி. இந்த விளக்கு வேண்டாத வீடு எது என்று அவர் கேட்டார். மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்வதற்கும் இது பொருந்துவதுபோலத்தான் இருந்தது. ஆண்டி பெயரில் பேங்கில் இருந்த டெபாசிட்டைக் கரைத்து இன்னும் சில விளக்குகள் செய்தார். எமியும் கொட்டகைக்கு வந்தாள். ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு ஸ்பூனை வேகமாக ஆட்டிப் பார்ப்பாள். ஸ்பூன் பல ஸ்பூன்களாகத் தெறித்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகிறது என்று அர்த்தம். "ரிஜெக்ட்!" என்று கத்துவாள். என் கண்ணில் எதுவும் பட்டதில்லை. அவள் கண்ணில் பட்டுவிடும்.

ராணிகஞ்சில் முதல் கடைக்காரர் விளக்கைப் பார்க்கவேயில்லை. "டப்பா எங்க?" என்றார். அட்டைப்பெட்டி இல்லாத சாமானை எப்படி அடுக்குவது? அதன்பிறகு பெட்டி செய்ய ஆளைத் தேடினோம். இரண்டாவது கடைக்காரர் தெருவிளக்கு என்று நினைத்துக்கொண்டு முனிசிபல் டெண்டருக்குப் போகச் சொன்னார். மல்காஜ்கிரியில் நூர் முகமது மட்டும் சிலவற்றை வாங்கி வைத்தார். ரயில்வேத் தமிழர்களுக்கு விற்று விற்றே தமிழ் படித்தவர். அடுத்த மாதம் அங்கிளோடு நானும் போனேன். விளக்குகள் கல்லாவுக்குப் பின்னால் திரும்பிவந்து அடுக்காகக் கிடந்தன.

"லைட்டு அவ்வல், ஃபர்ஸ்ட் கிளாஸ், சிலாஸ் பாய். நா பொய் சொல்லமாட்டேன். ஆனா எடுத்துட்டுப் போனவன்லாம் வாபஸ் கொண்டாறான்."

"கைக்கு?" என்றார் அங்கிள், ஏன் என்பதற்கு ஊர் உருதுவில். "எரியலையா?"

"எரியுது பாய், எரியுது. அதான் பிரச்சின. செவுத்துல அழுக்குத் தெரியுதாம். ஒரு அம்மா வந்து கத்துது. இருபது வருசமா இருக்கேன், எவ்ளோ அசிங்கமான வீட்ல இருக்கேன்னு இன்னைக்குத்தான் தெரியுது, எடுத்துக்கோ உன் லைட்டங்குது. நா என்ன பண்ண? பெயிண்டும் சேத்து விக்கவா?"

அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூர் முகமதும் சிரித்துவிட்டு, டீ வரவழைத்தார்.

"மேல ஒரு வெள்ள மூடி போடுங்க. பால் கலர்ல. கண்ணு கூசாது."

"மூடி போட்டா பாதி வெளிச்சம் மூடிக்குள்ளயே நின்னுடும் பாய். அப்புறம் டியூப்லைட்டுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? இது மருந்து. மருந்துல தண்ணி ஊத்தச் சொல்றீங்க."

எதிர் அப்பார்ட்மெண்டில் கணேஷ்குமார் என்று மதுரைக்காரர், சாப்ட்வேர் வேலை, ஒன்று வாங்கியிருந்தார். அவரும் திருப்பித் தந்தார். "தப்பா எடுத்துக்காதீக சார். பகல் பூரா ஆபீஸ்ல இப்படித்தான் வெளிச்சத்துல உக்காந்திருக்கேன். வீட்டுக்கு வந்தும் மேனேஜர் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு." அந்த மழைக்காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கியதில் சில விளக்குகள் எரிந்தும் போயின. கொட்டகையில் திரும்பிவந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. டெபாசிட் பேச்சை ஆண்டி எடுப்பதேயில்லை. எடுக்காததுதான் கேட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பரில் பாஸ்டரின் மனைவி, எல்லோருக்கும் பாஸ்டர் அம்மா, ஒரு வரன் கொண்டுவந்தார். லோத்குண்டாவில் குடும்பம், வேலூர்ப் பக்கத்துப் பூர்வீகம், பையன் ஜோனத்தன் கச்சிபௌலியில் வேலை. அப்பா ஐசக்குக்கு ராணிகஞ்சில் மின்சாமான் மொத்த வியாபாரம். அங்கிள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை கேட்டார்.

"ஏங்க," என்றார் ஆண்டி, "கேட்டுக்குங்க. அன்னைக்கு விளக்குப் பேச்சே எடுக்கக் கூடாது. பொண்ணு பாக்க வராங்க. சரக்குப் பாக்க இல்ல."

"ஹவ், ஹவ், சரி. நா பைத்தியமா?"

இன்னொரு பேச்சும் அந்த வீட்டில் ஓடியது. எமிக்குக் கீழுதட்டு ஓரத்திலிருந்து தாடை நோக்கி ஒரு வெண்திட்டு, புளியங்கொட்டை அளவு. இரண்டு வருடமாக இருப்பது, பரவவில்லை. டியூப்லைட்டில் தெரியாது. நான் குடிவந்து வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

"வரதுக்கு முன்னாடியே சொல்லிருங்க மம்மி," என்றாள் எமி. "சொல்லிட்டு வந்தா வரட்டும்."

"மொதல்ல உன்னப் பாக்கட்டும்டி. உன்கூட ரெண்டு வார்த்த பேசட்டும். புடிச்சிருச்சுன்னா பாஸ்டர் அம்மா பக்குவமா எடுத்துச் சொல்லுவாங்க. எல்லாத்தையும் வாசல்லயே வெச்சு எவளாவது சொல்லுவாளா?"

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானம் அவர்கள் வந்தார்கள். வானம் மூடிக்கொண்டு தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஆண்டி முன்கூட்டியே சுட்டிருந்தார். கல்கல், ரோஸ் குக்கி, கூடவே கீமா சமோசா. சுவரோரத்து டியூப்லைட் எரிந்தது. மேசைக்கு மேலே விளக்கு அணைந்து தொங்கியது. எமி மெல்லிய பவுடர் போட்டுக்கொண்டு, ஊதா நிறப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். ஜோனத்தன் என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று கேட்டான். "இப்பல்லாம் பாடுறதில்ல. திரும்பப் போகலாம்னு இருக்கேன்," என்றாள். "நா பாடினா எங்க சர்ச்சுல கரெண்ட் போயிரும்," என்றான் அவன். எமி சிரித்தாள். உதடு மூடாமல், அவள் அப்பா மாதிரி சிரித்தாள். ஆண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஐசக் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"பிரதர், அது என்ன? ஹீட்டரா?"

அங்கிள் ஆண்டியைப் பார்த்தார். ஆண்டி சமோசாத் தட்டை நகர்த்தினார்.

"ஒண்ணுமில்ல பிரதர். விளக்குதான். சும்மா நா செஞ்சது."

"நீங்க செஞ்சதா? பின்னாடி சீப்பு மாதிரி அடுக்கிருக்கீங்க! உள்ள கரெண்ட் குடுக்குற டிரைவர் யாரோடது? போடுங்க, பாப்போம்."

அங்கிள் எழுந்துவிட்டார். அவர் கணக்குப் போட்டு எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த விளக்கைப் போடு என்று அதுவரை ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

அறை வெளுத்தது. தூறல் நாளில் திடீரென்று மத்தியானம் வந்து உட்கார்ந்தது. சர்க்கரைத் துகள் ஒவ்வொன்றும் தெரிந்தது. எமியின் தாடையில் பவுடர் தனியாகவும் அதன் கீழே திட்டு தனியாகவும், ஓரம் ஓரமாகத் தெரிந்தன. ஐசக் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கிரேஸ் எமியைப் பார்த்தார். ஜோனத்தன் ஒரு முறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"ஏங்க, கண்ணு கூசுது. அணைச்சிருங்க," என்றார் ஆண்டி.

"இருங்க சிஸ்டர், இருங்க. பிரதர், சூடு எப்படி?" ஐசக் நாற்காலியை இழுத்து ஏறித் தொட்டும் பார்த்தார். அங்கிள் சொல்லிக்கொண்டே போனார். விசிறி, அலுமினியம், ஸ்பூன், எமி தேறியது. "எம்பொண்ணுக்குச் செஞ்சது பிரதர்," என்று முடித்தார்.

"நாங்க கெளம்புறோம். ஜெபம் பண்ணிருவோம்," என்றார் கிரேஸ்.

வந்தவர்கள் கிளம்பும் முன் வீட்டுத் தலைவர் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் தலைகுனிந்து கண் மூடினார்கள். ஆண்டியின் கை சுவிட்சை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அங்கிள் "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கிவிட்டதால் அந்தக் கை அப்படியே மடிக்குத் திரும்பியது. ஜெபத்தின் நடுவில் எழுந்துபோகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அங்கிளின் ஜெபம் எப்போதும் நீளம். அன்றைக்கு இன்னும் நீளம். மழைக்காக, வந்தவர்களின் கால்களுக்காக, பிள்ளைகளுக்காக, வெளிச்சத்துக்காக நன்றி சொன்னார். நான் அவர்கள் மதமில்லை, கண்ணைத் திறந்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். கிரேஸ் மட்டும் கண் திறந்து, எமியின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எமியும் கண் மூடவில்லை. கைகளைக் கோத்தபடி அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்லும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

நாலு நாள் கழித்துப் பாஸ்டர் அம்மா வந்தார். "ஜெபிச்சுப் பாத்தாங்களாம் சாரா. சமாதானம் கெடைக்கலையாம்." வேண்டாம் என்பதை அவர்கள் சொல்லும் விதம் அது; அந்த வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆண்டி தலையாட்டினார். பாஸ்டர் அம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு அங்கிளிடம் திரும்பினார்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் அத அணைச்சு வெச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல சாரா."

"எது?"

"அந்தத் திட்டு. எம்புள்ள மூஞ்சிதானே. தெனமும் அதே வெளிச்சத்துல பாக்குறேன். எனக்கு அது தெரியல."

ஆண்டி சமையலறைக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஐசக் போன் செய்தார். வரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விளக்கு வேண்டும், கடைக்கு முதல் லாட்டாக நூறு வேண்டும், பெட்டியில் தன் கடைப் பெயர் போட வேண்டும். ஒரே ஒரு மாற்றம். "வீட்டம்மா சொன்னாங்க பிரதர், வெளிச்சம் ரொம்பக் கடுமையா இருக்குன்னு. லேடீஸ்தானே வாங்கப்போறாங்க. மேல ஒரு பால் மூடி போட்டுருங்க. பளிச்சுன்னும் இருக்கணும், கண்ணும் கூசக் கூடாது."

"முடியாதுன்னு சொல்லிடுறேன்," என்றார் அங்கிள், போனை வைத்துவிட்டு. "அந்தாளு கடைக்கா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

எமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "கைக்கு டாடி? பெட்டியெல்லாம் கொட்டகையில கெடக்குது. மம்மி டெபாசிட் போயிருச்சு. அவங்க லைட்டத்தானே கேக்குறாங்க. குடுங்க."

"மூடி போடச் சொல்றாங்கடி."

"போட்டுக் குடுங்க. வண்டி வந்துருச்சு, நா போறேன்."

கொட்டகையில் மறுபடி வேலை தொடங்கியது. திரும்பிவந்த விளக்குகளைப் பிரித்துத் துடைத்தார்கள். புது டிரைவர்கள் வந்தன. பால் நிற மூடிகள் பெரிய மூட்டையாகச் செர்லப்பள்ளியிலிருந்து வந்து இறங்கின. ஆண்டியும் உட்கார்ந்து திருகாணி முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெட்டி மடித்தேன். வியாபாரம் என்று பார்த்தால் இது வெற்றிதான். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

எமிதான் பழையபடி சோதித்தாள். துப்பட்டாவை மூக்குக்கு மேலே இழுத்து, பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் தூசிக்குக் கட்டுவதுபோல. "பத்தவைக்கிற புகை," என்றாள். முதல் நாள் நான் நம்பினேன். பிறகு ஹாலில் டீ குடிக்கும்போதும் அந்த முடிச்சு இருந்தது. டீக்காக மட்டும் சற்று இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து டீயைக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அந்த அறையில் விளக்கு எரியவில்லை. தட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. ஆண்டி அதைக் காட்டவுமில்லை, கொட்டவுமில்லை. மூடிப் பிரிட்ஜில் வைத்தார்.

கடைசிப் பெட்டிகள் ஆட்டோவில் போன அன்று, ஒரு மூடி மிஞ்சியது. அங்கிள் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே ஹாலுக்கு வந்தார். எமி எழுந்து முகம் கழுவிவிட்டு, துப்பட்டாவைக் கட்டியபடி டீயை எடுக்க வந்தாள். மேசைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மூடி இல்லாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"எமி."

"ம்."

"டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். மூடி போட்டா பிரயோஜனம் இல்ல."

"தெரியும் டாடி."

அவர் மூடியில் இருந்த தூசியைச் சட்டையில் துடைத்தார். பிறகு, "இதுக்கும் போட்டுரவா?" என்றார்.

வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்க வேண்டும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். எமி டீக் கோப்பையைப் பார்த்தாள்.

"ஹவ். போட்டுருங்க."

அங்கிள் சுவிட்சை அணைத்தார். நாற்காலி மேல் ஏறினார். ஆண்டி சமையலறை வாசலில் நின்று டார்ச் பிடித்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாக ஏறின. சுவிட்சைப் போட்டபோது அறையில் மெத்தென்று ஒரு வெளிச்சம் பரவியது. சுவரின் கறை மறைந்தது. மேசை விரிப்பின் பூக்கள் பச்சையா நீலமா என்று தெரியவில்லை. எங்கள் எல்லோர் முகங்களும் சுமாராக நன்றாகவே இருந்தன.

எமி பின்னால் கைவைத்து முடிச்சை அவிழ்த்தாள். துப்பட்டாவை மடியில் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். ஆண்டி அவசரமாகச் சோறு போட்டு, புளிப்பான கட்டா பருப்பு ஊற்றி, தட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் பிசைந்தாள்.

அங்கிள் இன்னும் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.

"வெளிச்சம் போதுமாம்மா?"

"போதும் டாடி," என்றாள் எமி. அவள் நிமிரவில்லை.